நடுச்சுவரில் ஒரு மாடம்

அந்த வீடு கிடைக்கும்வரை எங்களுக்குச் சுவர் என்று ஒன்று இருந்ததில்லை. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, பண்ணையக்காரர் தோட்டத்து வேலியோரம் ஒரு பனையோலைக் குடிசை. நாலு பக்கமும் சோளத்தட்டைப் படல். ஆடி மாதக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும்போது அந்தப் படல் ஒருமுறை உள்ளே வரும், ஒருமுறை வெளியே போகும். நாங்கள் நடுவில் உட்கார்ந்து கஞ்சி குடிப்போம். சாயங்காலம் என் தங்கை ஒரு கல்லின் மறைவில் தரையோடு தரையாக அகல் வைப்பாள். மற்ற வீடுகளில் விளக்கு வைப்பார்கள், எங்கள் வீட்டில் விளக்கை ஒளித்து வைப்போம்.

அப்பா, நான், தங்கை, மூன்று பேர். தங்கைக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அம்மா இறந்துபோனாள். அன்றிலிருந்து அடுப்பு அவளிடம். நான் நாலாம் வகுப்போடு நின்று தோட்ட வேலைக்குப் போனவன். பேச்சு வராது. வராது என்றால் வாய் பேசாது என்பதல்ல. கூச்சம். பஸ்ஸில் கண்டக்டரிடம் இறங்கும் இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஊரில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தங்கைக்கு இருபத்தைந்து தாண்டிவிட்டது. இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். முதலில் வந்தவர்கள் குடிசைக்குள் குனிந்து நுழைந்து, நிமிரும்போது தலையில் ஓலை குத்தி, அதோடு முகம் மாறிப் போனார்கள். இரண்டாவது கூட்டம் வண்டியை விட்டே இறங்கவில்லை. தடத்தில் நின்றபடி குடிசையைப் பார்த்தார்கள், மாட்டைத் திருப்பிக்கொண்டு போனார்கள். காப்பிக்கு வாங்கி வைத்த வெல்லம் அப்படியே இருந்தது. அன்று அப்பா சொன்னது எனக்கு மறக்காது.

"ஓடு போட்ட ஊடு ஒண்ணு அமையாட்டி இவளுக்குக் கலியாணமில்ல."

தங்கை அடுப்புக்கு முன்னால் இருந்தாள். திரும்பவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வீடில்லாதவர்களுக்குச் சர்க்கார் வீடு கட்டிக் கொடுக்கிறது என்ற பேச்சு வந்தது. பஞ்சாயத்து ஆபீசில் அப்பா கைநாட்டு வைத்து மனுக் கொடுத்தார். அவர்கள் கட்டியது இரட்டை வீடு. ஒரே கட்டடம், ஒரே ஓட்டுக் கூரை, நடுவில் ஒரு சுவர். அந்தப் பாதி ஒரு குடும்பத்துக்கு, இந்தப் பாதி இன்னொரு குடும்பத்துக்கு. யாரோடு யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். நறுக்கு என்று அங்கே அதற்குப் பெயர்.

எங்கள் நறுக்கோடு சேர்ந்து வந்தது தெற்குத் தெருக்காரர் ஒருவருடையது.

தெற்குத் தெரு என்றால் எங்கள் பக்கத்தில் விளக்கம் வேண்டியதில்லை. ஊருக்கும் அந்தத் தெருவுக்கும் இடையே ஒரு வாய்க்கால். தோல் வேலை செய்கிறவர்கள். மாடு பூட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கவலைக்குத் தோல் பறி தைத்துக் கொடுத்தவர்கள். கிணறுகளில் மோட்டார் வந்த பிறகு பறி தைக்கும் வேலை குறைந்து, இவரும் எங்களைப் போலத் தோட்டக் கூலிக்கு வந்துவிட்டார். ஒரே காட்டில் அவரும் நானும் கடலைக்குக் களை எடுத்திருக்கிறோம். தண்ணீர் தாகம் எடுத்தால் நான் சொம்பில் குடிப்பேன். அவர் கையைக் குவித்து நிற்பார், யாராவது மேலிருந்து ஊற்றுவார்கள். சில நாள் நானே ஊற்றியிருக்கிறேன். அதில் எனக்கு எதுவும் தோன்றவில்லை என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

அப்பா ஓவர்சியரிடம் போய் நறுக்கை மாற்றித் தரக் கேட்டார். ஓவர்சியர் நல்ல மனிதர்தான், ஆனால் வெயிலில் நின்று களைத்திருந்தார். வேண்டாமென்றால் எழுதிக் கொடுங்கள், காத்திருக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுக் குடையை விரித்தார். அப்பா ஒரு வாரம் யோசித்தார். ஒரு வாரமும் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு தங்கைக்காக ஒப்புக்கொண்டார். வாசல் தனி, முற்றம் தனி, முன்னால் நான் முள்வேலி போட்டுவிட வேண்டும், பேச்சு வார்த்தை கூடாது. கடைசியில் சொன்னதைக் கடைப்பிடிப்பது எனக்குச் சிரமமாகத் தெரியவில்லை.

வீடு வடக்குப் பார்த்தது. எங்களுக்கு மேற்குப் பாதி, அவர்களுக்குக் கிழக்குப் பாதி. ஒரு அறை, பின்னால் அடுப்படி. சுவர் முடிந்து முதல் நாள் உள்ளே நின்றபோது நான் கையை நீட்டிச் சுவரைத் தொட்டேன். அழுத்தினேன். அது அசையவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை, அன்று நான் கொஞ்ச நேரம் சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்திருந்தேன். இருபத்தெட்டு வயதுவரை சாய்ந்து உட்கார எனக்கு மரம்தான் இருந்தது.

பால் காய்ச்சுவதற்கு முதல் நாள் விளக்கு மாடம் செய்யும் வேலை வந்தது. சர்க்கார் வீட்டில் கதவு உண்டு, ஜன்னல் உண்டு, மாடம் இல்லை. மாடம் இல்லாத வீட்டில் பால் காய்ச்ச மாட்டேன் என்று தங்கை சொல்லிவிட்டாள். எங்கே வைப்பது? கும்பிடுகிறவர் கிழக்கே பார்த்து நிற்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அப்படியானால் மாடம் கிழக்குச் சுவரில் வர வேண்டும். எங்களுக்குக் கிழக்குச் சுவர் அந்த நடுச்சுவர்தான்.

சுவரில் ஓரிடத்தில் பூச்சு கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. கட்டும்போது சாரக்கட்டை செருகிய பொந்து அது. மேஸ்திரி அதை அரைச் செங்கலும் மண்ணும் வைத்து அவசரமாக அடைத்திருந்தார். நெஞ்சு உயரம், வாசலிலிருந்து பார்த்தால் தெரியும் இடம். குடைவதற்கும் சுலபம். உளியும் சுத்தியலும் எடுத்து ஆரம்பித்தேன்.

நான் தட்டத் தட்டச் சத்தம் திரும்பி வந்தது. காலி வீட்டில் எதிரொலி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். நான் நிறுத்திய பிறகும் அது இரண்டு தட்டு அதிகமாகத் தட்டியது. அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புது வீட்டின் பழக்கம் நமக்கென்ன தெரியும் என்று மறுபடி ஓங்கி அடித்தேன். செங்கல் சரிந்து உளி என் கையை விட்டு உள்ளே போய்விட்டது. குனிந்து பார்த்தால் பொந்துக்குள் வெளிச்சம். ஒரு கை என் உளியைப் பிடித்து நீட்டியது.

"உளி உங்களுதுங்களா சாமி?"

தெற்குத் தெருக்காரர். அவரும் மாடம்தான் குடைந்துகொண்டிருந்தார். அவர்கள் வழக்கத்தில் கும்பிடுகிறவர் திசை பெரிதல்ல, சுடர் கிழக்கே பார்க்க வேண்டும். சுடர் கிழக்கே பார்க்க வேண்டுமென்றால் விளக்கு மேற்குச் சுவரில் இருக்க வேண்டும். அவர்களுக்கு மேற்குச் சுவர் அதே நடுச்சுவர். அதே சாரப்பொந்து அவர் பக்கத்திலும் உள்வாங்கியிருந்தது. நாங்கள் சூரியனைப் பார்க்க நினைத்தோம், அவர்கள் விளக்கைச் சூரியனைப் பார்க்க வைக்க நினைத்தார்கள். இரண்டும் சரியான சாஸ்திரம். சேர்ந்ததில் ஒரு ஓட்டை.

நான் உளியை வாங்கிக்கொண்டேன். ஓட்டை வழியாக ஒருவர் மீசையை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் அவர்தான், மண்ணு கொழைக்கட்டுங்களா என்று கேட்டார். தலையாட்டினேன்.

நடுவில் ஓட்டுச் சில்லு வைத்து இரண்டு பக்கமும் மண் அப்பினோம். பால் காய்ச்சினோம். ஆளுக்கொரு பக்கம் விளக்கு வைத்தோம். மூன்றாம் நாள் காற்றில் மண் காய்ந்து வெடித்து விழுந்தது. மறுபடி அப்பினேன். மறுபடி விழுந்தது. அவர்கள் கதவும் எங்கள் கதவும் ஒரே சமயம் திறந்தால் காற்று அந்த ஓட்டை வழியாக ஊதி இரண்டு விளக்கையும் அணைத்துவிடும். மூன்றாம் தடவை நான் மண் குழைக்கும்போது தங்கை வந்து சட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"விளக்கு ஏத்துன எடத்த எத்தனை தடவைதான் அடைப்பீங்க அண்ணா. அதுக்கே அடையறதுக்கு இஷ்டமில்ல."

அப்பா காட்டுக்குப் போயிருந்த நேரம் அது. அவளும் அந்தப் பக்கத்துப் பெண்ணும் ஓட்டை வழியாக ஏதோ பேசினார்கள். தெற்குத் தெருக்காரரின் மனைவிக்கு என் தங்கை வயதுதான் இருக்கும், மடியில் ஆறு மாதக் குழந்தை. அவள் வீட்டில் ஒரு உடைந்த லாந்தர் கிடந்தது. அதன் கண்ணாடிச் சிமினியை எடுத்துக் கழுவி, ஓட்டையின் நடுவில் ஒரே அகலை வைத்து, அதன்மேல் கவிழ்த்துவிட்டாள். காற்று வந்தது. சுடர் ஆடியது, அணையவில்லை. ஒரு நாள் அவர்கள் எண்ணெய், ஒரு நாள் நாங்கள் என்று ஆயிற்று.

அப்பா வந்து பார்த்தார். நடுக்குகிற காற்றில் ஒரு விளக்கு நின்று எரிவதை எங்கள் வீட்டில் அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. கால் கழுவப் போனார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பெண் பார்க்க யாராவது வருவதற்குள் அதைச் சுண்ணாம்பு வைத்து அடைத்துவிட வேண்டும் என்றார்.

நான் கோயில்களில் ஓரமாக நின்று பார்த்திருக்கிறேன். கர்ப்பக்கிரகம் சிறிய இருட்டறை, உள்ளே ஒரு விளக்கு. அதற்குப் பக்கத்தில் பெரிய குடும்பங்கள் நிற்பார்கள். எங்களைப் போன்றவர்கள் மண்டபத்துத் தூணுக்கு இந்தப் பக்கம். தெற்குத் தெரு ஆட்கள் வெளியே, மதிலுக்கு அப்பால், பூசை மணி கேட்டுக் கும்பிடுவார்கள். கட்டடம் கட்டுகிறவர்கள் கல்லை மட்டும் அடுக்குவதில்லை, யார் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் அடுக்குகிறார்கள். இந்தச் சுவர் ஒன்பது அங்குலம். விளக்கு நடுவில். அவர்கள் பக்கம் நாலரை, எங்கள் பக்கம் நாலரை. நான் பார்த்த சாமி விளக்குகளில் எல்லோருக்கும் ஒரே தூரத்தில் இருந்தது அது ஒன்றுதான். யாரும் யோசித்துச் செய்ததில்லை. அந்த மேஸ்திரி பொந்தை ஒழுங்காக அடைத்திருந்தால் நடந்திருக்காது. அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடுச்சுவர் ஓடுவரை போகவில்லை. விட்டத்து மட்டத்தில் நின்றுவிட்டது. மேலே ஒரு முழம் வெற்றிடம். அவர்கள் வீட்டுத் தாளிப்பு எங்கள் மூக்குக்கு வரும், எங்கள் சண்டை அவர்கள் காதுக்குப் போகும். ஒரு வருடத்தில் வேலி முள் மக்கி விழுந்தது. நான் புதிதாகப் போடவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. ஆனால் அவர்களோடு அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் என்னிடம் சத்தமாகச் சொல்வார்.

பொள்ளாச்சிப் பக்கம் மில்லில் வேலை பார்க்கும் ஒருவருக்குத் தங்கையைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. சொந்த வீடு, ஓட்டு வீடு என்று கேள்விப்பட்டு வருகிறார்கள். புதன்கிழமை மாப்பிள்ளையின் அம்மாவும் தாய்மாமனும் வருவார்கள். மாப்பிள்ளைக்கு ஷிப்டு, வர முடியாது.

அப்பா திங்கட்கிழமையே என்னிடம் சொல்லிவிட்டார். மாடத்தை அடை. சுவருக்கு அக்கட்ட இருப்பவர்களை அன்று ஒரு நாள் எங்காவது போயிருக்கச் சொல். சுண்ணாம்பு இரண்டு நாளில் காயாது என்று நான் சொன்னேன். அப்படியானால் முருகன் காலண்டரை மாட்டு என்றார்.

இரண்டாவது வேலைதான் கொன்றது. அவர்கள் வாசலுக்குப் போய் நின்றேன். அந்தப் பெண் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோளில் இருந்த துண்டை மடித்தேன், விரித்தேன். அவளே பேசினாள்.

"நீங்க சொல்ல வேண்டாங்க சாமி. மேல காத்துக்கு இருக்கற வழி பேச்சுக்கும் இருக்குதுங்க, கேட்டுருச்சு. புதங்கெழம நாங்க எங்கம்மா ஊட்டுக்குப் போயிக்கறமுங்க."

சொல்லிவிட்டுச் சிமினியையும் அகலையும் அவளே எடுத்து வைத்தாள். அம்மிணிக்கு நல்ல எடமா அமையோணும் என்றாள். நான் வீட்டுக்குள் வந்து காலண்டருக்கு ஆணி அடித்தேன். ஆணி கோணலாகப் போயிற்று.

புதன்கிழமை காலையில் அவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு போனார்கள். தங்கை அதைப் பார்த்தாள். யார் போகச் சொன்னது என்று என்னிடம் கேட்கவில்லை. அது கேட்டதைவிட மோசமாக இருந்தது.

உச்சி நேரத்துக்கு முன்பு வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மெலிந்த மனுஷி, சிரித்த முகம். தாய்மாமன் பெரிய உருவம், உட்காரும்போதே வீட்டை அளந்துவிட்டார். ஓடு, விட்டம், தரை எல்லாம் பார்த்தார். சிமிண்டுத் தரைங்களா என்று கேட்டார், ஆமாங்க என்றார் அப்பா. அவர் குரலில் அப்படி ஒரு நிமிர்வை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை. தங்கை தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அந்த அம்மாள் அவளைப் பார்த்த பார்வையில் வேண்டாம் என்பது இல்லை. எனக்கே தெரிந்தது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை இருமியது.

அவர்கள் திரும்பி வந்திருந்தார்கள். வழியில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, வெயிலில் தூக்கிக்கொண்டு போக முடியாமல், பின்பக்கக் கதவு வழியாக உள்ளே வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது இருமல் மட்டும்தான். அது விட்டத்துக்கு மேலே ஏறி எங்கள் நடுவில் வந்து விழுந்தது.

தாய்மாமன் சுவரைப் பார்த்தார். "அக்கட்ட யாருங்க குடியிருக்கறது?"

"யாரும் இல்லீங்க," என்றார் அப்பா. "பூட்டிக் கெடக்குதுங்க."

மறுபடி இருமல். இந்த முறை அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல் வந்தது. யாரோ குழந்தையின் வாயை மார்போடு சேர்த்துப் பொத்துவது எனக்குக் கண்ணில் தெரிந்தது. அப்பா என்னைப் பார்த்தார். தாய்மாமன் என்னைப் பார்த்தார். என் வாழ்க்கையில் நாலு பேர் நான் பேசட்டும் என்று காத்திருந்தது அன்றுதான். எழுந்து நின்றுகொண்டேன். உட்கார்ந்து பேச எனக்கு வராது.

"இருக்கறாங்க," என்றேன். "தெக்குத் தெருக்காரருங்க. கொழந்தைக்குச் சொகமில்லையாட்ட இருக்குதுங்க. எங்களுக்கோசரந்தான் சத்தங்காட்டாம உக்காந்திருக்கறாங்க."

நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆரம்பித்த பிறகு எனக்கு எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை. பழக்கமில்லை. காலண்டரைக் கழற்றினேன்.

"ரெண்டு ஊட்டுக்கும் ஒரே வெளக்குத்தானுங்க. இன்னைக்கோசரந்தான் இத மாட்டி வெச்சிருக்கறது."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து தங்கை வந்தாள். கையில் காப்பித் தட்டு இல்லை. துணி சுற்றிய வெந்நீர்ச் சட்டி. விருந்தாளிகளைத் தாண்டி வாசலில் இறங்கி, பக்கத்து வாசலில் ஏறிப் போனாள். தெற்குத் தெருக்காரர் வீட்டுக்குள் எங்கள் குடும்பத்தில் ஒருவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரத்தில் ஓட்டை வழியாக அவள் குரல் கேட்டது. நெஞ்சுல ஒத்தடங் குடுங்க அக்கா, சூடு இருக்குது பாருங்க என்று.

தாய்மாமன் எழுந்து துண்டை உதறினார். அந்த அம்மாள் எதுவோ சொல்ல வாயெடுத்து, அண்ணன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சொல்லி அனுப்பறமுங்க என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பது பெண்ணைப் பெற்ற எல்லா வீட்டுக்கும் தெரியும்.

அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். சாப்பிடும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். எந்தச் சுவர் என்று பார்க்காமல் உட்கார்ந்தவர், மாடம் எதிரில் இருப்பதைக் கண்டு இடம் மாறினார். நான் வேலைக்குப் போவேன், வருவேன், படுப்பேன். தங்கையின் வாழ்க்கையை நான்தான் கெடுத்தேன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இத்தனை வருடமாகப் பேசாத வாய் அந்த ஒரு நாளும் பேசாமல் இருந்திருக்கலாம். ஒரு நாள் கிணற்றடியில் தங்கையிடம் அதைச் சொன்னேன். அவள் குடத்தை இறக்கி வைத்தாள்.

"பேசுனது நல்லாத்தான் இருந்துச்சண்ணா. என்ன, நீங்க மெதுவாப் பேசுனீங்க. அந்த மாமனுக்குப் பாதிதான் காதுல உழுந்திருக்கும். மீதியும் உழுந்திருந்தா காப்பி கேட்டிருப்பாரு."

சிரித்தாள். பிறகு குடத்தைத் தூக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு வலிக்கவில்லை என்று நான் நினைக்கவில்லை. காப்பி கொண்டுவந்திருந்தால் அவள் கல்யாணம் முடிந்திருக்கும். அவள் வெந்நீரை எடுத்தாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மாடத்தில் விளக்கு அந்தப் புதன்கிழமை சாயங்காலமே திரும்பி வந்துவிட்டது. குழந்தைக்கும் நாலு நாளில் காய்ச்சல் விட்டது.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் இறங்கும் நேரம், சைக்கிளில் ஒருவர் வந்து எங்கள் வாசலில் இறங்கினார். வேட்டி மடிப்பில் பஞ்சுத் தூசி. மில்லில் வேலை பார்ப்பவர்கள் எவ்வளவு உதறினாலும் அது போகாது. பொள்ளாச்சியிலிருந்து சைக்கிளிலேயே வந்திருந்தார். கூட யாரும் இல்லை. மாப்பிள்ளை தனியாகப் பெண் வீட்டுக்கு வருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அப்பாவுக்கு உட்காரச் சொல்வதா போகச் சொல்வதா என்று தெரியவில்லை. நான் பாயை விரித்தேன்.

அவர் உட்காரவில்லை. "அந்த மாடத்தப் பாக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

காட்டினேன். குனிந்து பார்த்தார். அந்தப் பக்கம் குழந்தை தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தது. அவரைப் பார்த்து ஏதோ சத்தம் போட்டது. அவர் நிமிர்ந்து அப்பாவிடம் பேசினார். பேச்சு நிதானமாக இருந்தது, சைக்கிளில் வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவர் மாதிரி.

"நாங்களும் மில்லு லைன் ஊட்டுலதானுங்க இருக்கறோம். வரிசையாப் பதினாறு ஊடு, எல்லாத்துக்கும் ஒட்டுச் செவுரு. எங்கம்மா அரைக்கறது, ஆட்டறது, புளி கடன் வாங்கறது எல்லாம் அடுத்த ஊட்டு அக்காகிட்டத்தான். பன்னெண்டு வருசமாச்சு. அவிங்க என்ன சனம்னு எங்கம்மா ஒருநாளுங் கேட்டதில்லீங்க. இப்பப் போய்க் கேட்டுப்போட்டு வா, அப்புறம் இந்த எடத்த வேண்டாம்னு சொல்லுன்னேன்."

அப்பா மெதுவாகக் கேட்டார். "கேட்டாங்களா?"

"இல்லீங்க. வாசக்கால் வரைக்கும் போனாங்க. அந்தக்கா ஏனுங்கம்மாங்கவும், கொஞ்சம் உப்பு இருக்குதான்னு கேட்டு வாங்கிட்டு வந்துட்டாங்க."

அடுப்படியில் பாத்திரம் ஏதோ விழுந்தது. தங்கை சிரிப்பை அடக்கியிருக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு சிரிப்பு கேட்டது, அங்கே அடக்கவில்லை.

மாமனைச் சரிக்கட்டக் கொஞ்ச நாள் ஆகும், ஆனால் அம்மா ஒப்புக்கொண்டாயிற்று என்றார். வெந்நீர்ச் சட்டியோடு போன பெண்தான் வேண்டுமென்று அம்மாவே சொல்லி அனுப்பினதாகச் சொன்னார். அப்பா அடுப்படிப் பக்கம் திரும்பிக் காப்பி வைக்கச் சொன்னார். தங்கை கொண்டுவந்த டம்ளரை வாங்கும்போதுதான் அவர்கள் இருவரும் முதல் தடவை ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் சைக்கிளுக்குக் காற்று இருக்கிறதா என்று பார்க்க வெளியே போய்விட்டேன்.

தை மாதம் கல்யாணம். ஊர்க் கோயிலில் தாலி கட்டு, வீட்டு வாசலில் சாப்பாடு. தாய்மாமனும் வந்தார். சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று சொன்னார், இரண்டாம் பந்தியிலும் உட்கார்ந்தார். தெற்குத் தெருக்காரர் பந்தலுக்குக் கால் ஊன்றிக் கொடுத்தார். ஆனால் பந்தியில் உட்காரவில்லை, அவர் வீட்டுக்குள்தான் சாப்பிட்டார். எல்லாம் மாறிவிட்டதாக எழுதினால் அது பொய். மாறியது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்குத்தான் நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். குடிசையிலேயே இருந்திருந்தால் அந்தக் கொஞ்சமும் எனக்குத் தெரியாமலே போயிருக்கும். கையைக் குவித்து நிற்கிறவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வயதாகியிருப்பேன்.

தங்கையைப் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டு நானும் அப்பாவும் திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. வீட்டில் இரண்டு ஆண்கள். வாசலில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். விளக்கு வைக்கும் நேரம். அன்று எங்கள் முறை. எங்கள் வழக்கத்தில் ஆண்கள் விளக்கேற்றுவதில்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை. உள்ளே இருட்டிக்கொண்டு வந்தது.

மாடத்திலிருந்து அந்தப் பக்கத்துப் பெண்ணின் குரல் வந்தது.

"அண்ணா, இன்னைக்கு நானே ஏத்தட்டுங்களா?"

சாமி என்று கூப்பிடாமல் அண்ணா என்று அவள் கூப்பிட்டது அன்றுதான். அப்பா காதிலும் விழுந்திருக்கும். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா எழுந்தார். உள்ளே போய் எண்ணெய்ப் புட்டியைத் தேடி எடுத்தார். மாடத்துக்கு எதிரில் நின்று அகலில் ஊற்றினார். இருட்டில் அளவு தெரியாமல் எண்ணெய் வழிந்தது.

"உங்க பக்கம் ஊத்திருச்சு அம்மிணி," என்றார். "தொடச்சுக்கோ."

"தொடச்சுக்கறனுங்க."

அவள் தீக்குச்சி கிழித்து, திரி பிடித்து, சிமினியைக் கவிழ்க்கும்வரை அப்பா அங்கேயே நின்றார்.